டிஷ்வோஷர் பிழைக்குறி காட்டினால்: யாழ்ப்பாண வீடுகளுக்கான கேள்வி பதில்

பிழைக்குறிகள் திரையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வரும். இங்கே அவற்றை வாசிக்கும் ஒலிப்படியே எழுதியிருக்கிறோம்: ஈ-15, ஐ-ஈ, 4-சி என்றவாறு. எதையும் கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்து எடுத்துவிடுங்கள், தண்ணீர்க் குழாயையும் பூட்டுங்கள். சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய வயரிங் உள்ள வீடுகளில் லைனும் நியூட்ரலும் மாறிக் கிடப்பது உண்டு. அப்படியான இடத்தில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் இயந்திரத்துக்குள் கரண்ட் நிற்கும்.

ஒரு குறி வந்தால் அந்தப் பாகம் பழுதாகிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. பாகங்களை வீணாக வாங்கும் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். இயந்திரத்துக்குக் கண் கிடையாது. "இவ்வளவு நிமிடத்துக்குள் இவ்வளவு தண்ணீர் வரவேண்டும்", "இவ்வளவு நேரத்துக்குள் இந்த வெப்பம் எட்டவேண்டும்", "தொட்டிக்குக் கீழுள்ள அடித்தட்டு காய்ந்திருக்கவேண்டும்" என்ற சில எதிர்பார்ப்புகள் மட்டுமே அதற்குத் தெரியும். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் குறியைப் போட்டுவிட்டு நின்றுவிடும். ஏன் நடக்கவில்லை என்பதை அது சொல்லாது. தண்ணீர் வரவில்லை என்ற குறிக்குக் காரணம் வால்வாக இருக்கலாம், கூரைமேல் உள்ள தாங்கியின் உயரமாக இருக்கலாம், பின்னால் மடிந்த ஹோஸாகவும் இருக்கலாம். இங்குள்ள வீடுகளில் தண்ணீர், கரண்ட், கழிவுநீர் என்ற மூன்றையும் வெளியே பார்த்து முடித்த பிறகுதான் இயந்திரத்தைத் திறக்கவேண்டும்.

குறி வந்தவுடன் செய்யவேண்டியது என்ன?

குறியைப் படம் எடுத்து வையுங்கள். கழுவல் தொடங்கி எத்தனை நிமிடத்தில் வந்தது என்றும் எழுதுங்கள். முதல் 5 நிமிடத்துக்குள் வந்தால் பெரும்பாலும் தண்ணீர் வரவு அல்லது முந்திய கழுவலில் வெளியேறாமல் நின்ற நீர். 20 நிமிடம் கடந்து, பாத்திரம் குளிர்ந்திருக்கும் நிலையில் வந்தால் சூடாக்கல். கழுவல் முடியும் தறுவாயில், அடியில் நீர் தேங்கி நின்றபடி வந்தால் வெளியேற்றம். இந்த ஒரு தகவல் திருத்துபவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

பிறகு மீளமைத்துப் பாருங்கள். போஷ், சீமென்ஸ் இயந்திரங்களில் ஸ்டார்ட் பொத்தானை 3 விநாடி அழுத்திப் பிடித்தால் நடக்கும் கழுவல் ரத்தாகி, ஏறத்தாழ ஒரு நிமிடம் நீரை வெளியேற்றி நிற்கும். மற்றவற்றில் பிளக்கைக் கழற்றி 5 நிமிடம் விட்டுப் போடலாம். கரண்ட் விட்டு விட்டு வந்த நாளில் வந்த குறியென்றால் அதோடு போய்விடக்கூடும். அதே குறி இரண்டாம் முறையும் வந்தால் மூன்றாம் முறை மீளமைக்க வேண்டாம். காரணத்தைத் தேடுங்கள்.

எந்தக் குறி எதைச் சொல்கிறது?

ஒவ்வொரு கம்பனியும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதனால் ஒன்றின் அர்த்தத்தை மற்றதற்குப் பொருத்தக்கூடாது. அதிகம் காணப்படுபவை இவை.

போஷ், சீமென்ஸ்: ஈ-15 அடித்தட்டில் நீர், ஈ-18 தண்ணீர் போதவில்லை, ஈ-22 வடிகட்டி அடைப்பு, ஈ-24 நீர் வெளியேறவில்லை, ஈ-25 வெளியேற்றும் பம்ப் அடைபட்டிருக்கிறது அல்லது அதன் மூடி சரியாகப் பூட்டப்படவில்லை, ஈ-09 சூடாக்கி.

எல்ஜி: ஐ-ஈ தண்ணீர் வரவு, ஓ-ஈ வெளியேற்றம், ஏ-ஈ கசிவு, எஃப்-ஈ அளவுக்கு மிஞ்சிய நீர், எச்-ஈ சூடாக்கல், டி-ஈ வெப்ப உணரி, பி-ஈ நுரை.

சாம்சங்: 4-சி தண்ணீர் வரவு, 5-சி வெளியேற்றம், எல்-சி கசிவு, எச்-சி சூடாக்கல். பழைய மொடல்களில் இவையே 4-ஈ, 5-ஈ, எல்-ஈ என்று வரும்.

மிடியா தயாரித்து வேறு வேறு பெயரில் விற்கப்படுபவை: ஈ-1 தண்ணீர் நிரம்ப அதிக நேரம், ஈ-3 வெப்பம் எட்டவில்லை, ஈ-4 நீர் வழிந்தது அல்லது கசிந்தது.

எல்ஜியில் எல்-ஈ என்றால் மோட்டர். சாம்சங்கின் பழைய மொடலில் அதே எழுத்துகள் கசிவைக் குறிக்கும். குறியை மட்டும் சொல்லி யாரிடமும் யோசனை கேட்கக்கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறதே, ஏன் "தண்ணீர் இல்லை" என்கிறது?

இங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் பெரும்பாலும் கூரைமேல் இருக்கிறது.

டிஷ்வோஷரின் உள்வாங்கு வால்வு ஐரோப்பிய நகரக் குழாய் அழுத்தத்துக்கு அமைக்கப்பட்டது. பல இயந்திரங்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும். உங்கள் கைநூலில் உள்ள எண்ணைப் பாருங்கள். 10 மீற்றர் உயர நீர் 1 பார் அழுத்தம் தரும். அப்படியென்றால் 0.5 பாருக்கு, தாங்கியில் உள்ள நீர்மட்டம் இயந்திரத்தின் வால்விலிருந்து 5 மீற்றர், அதாவது ஏறத்தாழ பதினாறரை அடி, உயரத்தில் இருக்கவேண்டும். ஒரு தட்டு வீட்டின் பிளாட் மேல் 4 அடி மேடை கட்டி வைத்த தாங்கி, நிரம்பியிருக்கும்போது இந்த எல்லையைத் தொடும். பாதியாக இறங்கியதும் கீழே போய்விடும். காலையில் மோட்டர் போட்டுத் தாங்கி நிரப்பியதும் ஓடுகிற இயந்திரம் பின்னேரம் குறி போடுவது இதனால்தான். கிணற்றடியில் தனியாகக் கட்டிய 12 அடித் தூணில் தாங்கி இருந்தால் முழுதாக நிரம்பினாலும் போதாது.

சோதிப்பது எளிது. இயந்திரத்துக்குப் போகும் குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றி, குழாயை முழுதாகத் திறந்து, ஒரு வாளியில் சரியாக ஒரு நிமிடம் பிடியுங்கள். போஷ் கேட்பது நிமிடத்துக்கு 10 லீற்றர். 6 அல்லது 7 லீற்றர்தான் வந்தால் வால்வை மாற்றிப் பயன் இல்லை. இந்தச் சோதனையைத் தாங்கி பாதியாக இருக்கும்போது செய்யுங்கள். நிரம்பிய தாங்கியில் செய்தால் நல்ல முடிவு வரும், ஆனால் அந்த முடிவு உதவாது.

ஓட்டம் குறைவென்றால் முதலில் பைப்பைப் பாருங்கள். தாங்கியிலிருந்து அரை அங்குலப் பைப் வீடு முழுவதும் சுற்றி, ஐந்தாறு எல்போவுக்குப் பிறகு குசினிக்கு வந்தால் வழியிலேயே அழுத்தம் தேய்ந்துவிடும். தாங்கியிலிருந்து முக்கால் அங்குலப் பைப் ஒன்றை நேரே குசினிக்கு இறக்குவது நல்ல தீர்வு. மேடையை உயர்த்த முடியாத வீட்டில், திறந்தவுடன் தானாக ஓடி மூடியவுடன் நிற்கும் சிறிய அழுத்தப் பம்ப் பூட்டலாம். இயந்திரம் ஒரு கழுவலுக்கு 10 லீற்றர் அளவில்தான் எடுக்கும். ஆகவே பெரிய பம்ப் தேவையில்லை.

வாளியில் 10 லீற்றர் வருகிறதென்றால் அடுத்தது வலைத்தட்டு. ஹோஸ் வால்வில் பூட்டப்படும் இடத்தில் விரல்நுனி அளவில் ஒரு நுண்வலை இருக்கும். நீள்மூக்குக் குறட்டால் மெல்ல இழுத்தால் வந்துவிடும். அதில் பச்சைப் பாசியும், அதற்குள் சிக்கிய வெள்ளை மணலும் படிந்திருக்கும். அந்த மணல் சுண்ணாம்புக்கல் துகள். பழைய பல்துலக்கியால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள், வலையைக் குத்திக் கிழிக்க வேண்டாம். தாங்கியைக் கழுவாமல் வலையை மட்டும் கழுவினால் ஒரு மாதத்தில் இதே இடத்துக்குத் திரும்பி வருவீர்கள்.

ஹோஸின் குழாய்ப் பக்க நுனியில் தடித்த பிளாஸ்ரிக் பெட்டி இருந்தால் கவனம். அது கசிவுத் தடுப்பு வால்வு. பல மொடல்களில் அந்த ஹோஸுக்குள்ளேயே 230 வோல்ற் வயர் போகிறது. நீளம் குறைக்க வெட்டுவதோ, பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்திக் கழுவுவதோ கூடாது.

அழுத்தமும் சரி, வலையும் சுத்தம். இயந்திரம் தண்ணீர் எடுக்கும் சத்தமும் கேட்கிறது. அப்படியும் அதே குறி?

கழிவு ஹோஸ் எங்கே போகிறது என்று பாருங்கள். குசினிக் கழிவை வாழைப்பாத்திக்கு விடுவது நம் வழக்கம், நல்ல வழக்கமும்தான். ஆனால் டிஷ்வோஷரின் கழிவு ஹோஸைச் சுவரில் துளையிட்டு நேரே வெளியே, நிலமட்டத்துக்கு இறக்கினால் அது உறிஞ்சுகுழாயாகிவிடும். பம்ப் ஒருமுறை நீரைத் தள்ளியதும் ஹோஸ் நிரம்பும். பிறகு பம்ப் நின்றாலும் நீர் தன் பாரத்தாலேயே இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே வரும் தண்ணீர் அப்படியே வாழைக்குப் போக, மட்டம் ஏறவில்லை என்று இயந்திரம் தண்ணீர் வரவுக் குறியைப் போடும். காரணம் கழிவுப் பக்கத்தில், குறி வரவுப் பக்கத்தில்.

உறுதிப்படுத்த, இயந்திரம் நிரம்பும்போது வெளியே போய் ஹோஸ் நுனியைப் பாருங்கள். அந்த நேரத்தில் சொட்டுக்கூட வரக்கூடாது. திருத்தம்: ஹோஸ் தரையிலிருந்து குறைந்தது 40 சென்ரிமீற்றர், கூடியது 1 மீற்றர் உயரத்துக்கு ஏறி வளைந்து, காற்றுப் புக இடமுள்ள, தன்னைவிட அகலமான நிமிர்ந்த பைப் ஒன்றுக்குள் தொங்கவேண்டும். அந்தப் பைப் கீழே வாழைப்பாத்திக்குப் போகட்டும். ஹோஸ் நுனியைப் பைப்புக்குள் துணி சுற்றி இறுக்கி அடைக்கக்கூடாது. காற்று போக வழி இல்லாவிட்டால் உறிஞ்சல் திரும்பத் தொடங்கும்.

நீர் வெளியேறவில்லை என்ற குறிக்கு என்ன செய்வது?

ஒழுங்கு முக்கியம். வடிகட்டி, பம்ப், ஹோஸ், கடைசியாகச் சிங்க் இணைப்பு.

கீழ்த்தட்டை வெளியே எடுத்து, தொட்டியின் அடியில் உள்ள உருளை வடிகட்டியை இடப்பக்கம் திருகித் தூக்குங்கள். எங்கள் சாப்பாட்டில் இதற்குள் சேர்வது முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ, மீன்முள். ஒடியல் கூழ்ப் பாத்திரம் எல்லாவற்றிலும் மோசம். கூழின் மா சூட்டில் பசையாகி வலைக்கண்களை மூடும், நண்டோட்டுத் துண்டுகள் அதற்குக் கீழே இறங்கும். கூழ்ச் சட்டியைக் கையால் ஒருமுறை அலசிய பிறகே உள்ளே வையுங்கள்.

வடிகட்டியை எடுத்த பிறகு கீழே தேங்கிய நீரைக் கோப்பையாலும் பஞ்சாலும் எடுங்கள். உடைந்த கண்ணாடி கிடக்கலாம், வெறுங்கையை விட வேண்டாம். போஷ் வகையில் பள்ளத்தின் ஓரத்தில் சிறிய பம்ப் மூடி தெரியும். கரண்டிக் காம்பால் நெம்பி, சற்று உள்நோக்கிச் சாய்த்து இழுத்தால் கழன்றுவிடும். உள்ளே சிறு விசிறி. அதை விரலால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுழலாது; "டக், டக்" என்று பிடித்துப் பிடித்து விலகும். அது பழுது அல்ல, உள்ளே இருக்கும் காந்தத்தின் பிடிப்பு. அசையவே மறுத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது: பெரும்பாலும் மீன்முள், தேசிக்காய் விதை, கண்ணாடிச் சில். பிடிப்பே இல்லாமல் தாராளமாகச் சுழன்றால் காந்தத்திலிருந்து விசிறி கழன்றுவிட்டது, பம்ப் மாற்றவேண்டும். மூடியைத் திரும்பப் போடும்போது "கிளிக்" என்று உட்காரவேண்டும். உட்காராவிட்டால் ஈ-25 திரும்ப வரும்.

பம்ப் சரியென்றால் ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு ஒருமுறை வெளியேற்றிப் பாருங்கள். வாளிக்குள் பலமாக அடித்தால் அடைப்பு சிங்க் பக்கம். புதிதாகப் பூட்டிய இயந்திரம் முதல் நாளே இந்தக் குறியைப் போட்டால், சிங்கின் கீழுள்ள பிளாஸ்ரிக் கிண்ணத்தில் ஹோஸ் பூட்டும் முனை துளையிடப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வாங்கும்போது அந்த முனை உள்ளே மூடியே இருக்கும். துளையிட்டுவிட்டுத்தான் ஹோஸைச் செருகவேண்டும்.

தேங்காய்ப்பால் கறிகளின் கொழுப்பும் ஹோஸுக்குள் படியும். தேங்காயெண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும். தை மாத இரவில் கழுவல் ஓட்டுபவர்கள் மாதம் ஒருமுறை 65 அல்லது 70 பாகைக் கழுவலை ஓட்டினால் அது கரைந்து போகும்.

ஈ-15 வந்துவிட்டது. கதவைத் திறந்தாலும் பம்ப் நிற்காமல் ஓடுகிறது.

ஓடத்தான் வேண்டும். தொட்டிக்குக் கீழே உள்ள அடித்தட்டில் நீர் சேர்ந்தால் ஒரு மிதவை உயர்ந்து சுவிட்சைத் தூக்கும். வீட்டுக்குள் வெள்ளம் வராமல் இருக்க, இயந்திரம் தண்ணீரை நிறுத்திவிட்டு வெளியேற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தப் பம்ப் தொட்டிநீரைத்தான் தள்ளும், அடித்தட்டு நீரைத் தொடாது. அதனால் தானாக நிற்காது.

பிளக்கைக் கழற்றி, குழாயையும் மூடுங்கள். முன் அடிப்பலகையைக் கழற்றி, பழைய துவாயை உள்ளே விட்டு நீரை ஒற்றி எடுங்கள். கையெட்டாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து இயந்திரத்தை முன்னே இழுத்து, மெதுவாகப் பின்பக்கம் சாய்த்து வடிக்கலாம். சில மொடல்களில் கண்ட்ரோல் பலகை அடித்தட்டிலேயே இருப்பதால், சாய்த்த பிறகு ஒரு பகல் முழுவதும் காயவிட்டுத்தான் பிளக்கைப் போடவேண்டும்.

குறி போய்விடும். கசிவு போகாது. அடித்தட்டைக் காயவைத்து, அதில் உலர்ந்த கடதாசி விரித்து, அடிப்பலகை இல்லாமலே ஒரு குறுங்கழுவல் ஓட்டி டோர்ச் அடித்துப் பாருங்கள். முதலில் நனையும் இடம் காரணத்தைக் காட்டும். பின்பக்கம் நனைந்தால் ஹோஸ் கிளிப் அல்லது வால்வு. முன்பக்கம் என்றால் கதவு ரப்பர். நடுவில் சொட்டினால் பம்ப் இணைப்பு ரப்பர். எலி கடித்த ஹோஸும் இங்கே அடிக்கடி காணப்படுவது. குசினிச் சுவரில் ஹோஸுக்காக இட்ட துளையைச் சுற்றிக் கம்பிவலையால் அடைப்பது அவசியம்.

எங்கும் கசிவு இல்லையா? நுரையைச் சந்தேகியுங்கள். டிஷ்வோஷர் தூள் தீர்ந்த நாளில் கைக்குப் பாவிக்கும் சவர்க்காரத் திரவம் ஒரு தேக்கரண்டி விட்டாலும் நுரை கதவு ரப்பரைத் தாண்டி அடித்தட்டுக்குப் போய் நீராகும். நுரையை அடக்க ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றி, நீரை வெளியேற்றி, குளிர்நீர்க் கழுவலை இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள்.

சூடாக்கல் குறி மாலையில் மட்டும் வருகிறது. சூடாக்கி பழுதா?

முதலில் வோல்ற் அளவைப் பாருங்கள். சூடாக்கியின் வலு வோல்ற்றின் வர்க்கத்தோடு குறையும். 230 வோல்ற்றில் 2100 வாற் தரும் சூடாக்கி, 190 வோல்ற்றில் ஏறத்தாழ 1430 வாற்தான் தரும், மூன்றில் ஒரு பங்கு போய்விடும். லைனின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை ஆறரையிலிருந்து பத்து மணிவரை இது நடக்கும். இயந்திரம் எதிர்பார்த்த நேரத்துக்குள் வெப்பம் ஏறாததால் குறி விழும். கழுவலை இரவு பத்தரைக்குப் பிறகு ஓட்டிப் பாருங்கள். குறி வராவிட்டால் சூடாக்கியைத் தொடத் தேவையில்லை. நம் தாங்கித் தண்ணீர் 28, 30 பாகையில் உள்ளே வருவது ஒரு வசதி; குளிர்நாடுகளைவிட ஏறவேண்டிய தூரம் குறைவு.

எந்த நேரத்திலும் குறி வந்தால் சூடாக்கியை அளக்கவேண்டும். பிளக் கழற்றி, அதன் ஒரு வயரை எடுத்துவிட்டு மல்டிமீற்றரை ஓமில் வையுங்கள். 2100 வாற்றுக்கு 25 ஓம் அளவும், 1800 வாற்றுக்கு 29 ஓம் அளவும் காட்டவேண்டும். எல்லையற்றது என்று காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது. சூடாக்கி சரியாக அளந்தும் சூடு இல்லையென்றால் கண்ட்ரோல் பலகையில் அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயின் ஈய ஒட்டைப் பாருங்கள். அதிக அம்பியர் போகும் அந்த இடத்தில் ஒட்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்திருக்கும். மின்பலகை திருத்துபவர் திரும்ப ஒட்டிக் கொடுக்கலாம், முழுப் பலகையும் வாங்கத் தேவையில்லை. போஷின் பிந்திய மொடல்களில் சூடாக்கி கழுவும் பம்போடு ஒன்றாகச் சேர்ந்தது. சூடாக்கி மட்டும் தனியாக மாற்ற முடியாது.

கழுவல் தொடங்கிச் சிறிது நேரத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. குறி எதுவும் இல்லை.

சூடாக்கி வேலை செய்யும் கணத்தில் விழுந்தால் அதன் காப்பு போய் உடலுக்குக் கரண்ட் கசிகிறது. இந்தச் சோதனைக்குச் சாதாரண மல்டிமீற்றர் போதாது. 500 வோல்ற் காப்புச் சோதனைக் கருவி வைத்திருக்கும் மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரே இணைத்து ஓட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறப்பவரின் உயிரை அந்தச் சுவிட்ச்தான் காக்கிறது. எர்த் வயர் இல்லாத பழைய பிளக்பேஸில் டிஷ்வோஷரைப் போடவே கூடாது.

நம் கிணற்றுத் தண்ணீருக்கு உப்புப் போடும் பெட்டி உண்மையில் தேவையா?

வேறெந்த ஊரையும்விட இங்கே தேவை. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கிறது. அது கரைத்துக்கொண்டு வரும் கல்சியம்தான் கேத்திலின் அடியில் வெள்ளைப் படையாக ஒட்டுவது. டிஷ்வோஷரில் அது சூடாக்கியில் படிந்து வெப்பத்தை மறிக்கும், தெளிக்கும் கைகளின் துளைகளை அடைக்கும், நீரோட்ட உணரியை இறுக்கும். சூடாக்கல் குறி, தண்ணீர்க் குறி இரண்டுக்கும் பின்னால் பல தடவை இருப்பது இந்தப் படைதான்.

இயந்திரத்துக்குள் உள்ள பிசின் மணிகள் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புநீர் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும். உப்பு இல்லாவிட்டால் மணிகள் வெறும் மணிகள்.

கடினத்தன்மையைச் சோதனைப் பட்டியால் அளந்து நிலையை அமையுங்கள். பட்டி லீற்றருக்கு 300 மில்லிகிராம் காட்டினால் 17.8 ஆல் வகுக்க, ஜேர்மன் அளவில் 17 பாகை. போஷில் 17 முதல் 21 பாகைக்கு எச்-05. இயந்திரம் வரும்போது பெரும்பாலும் எச்-04 இல் இருக்கும், அப்படியே விட்டால் நம் தண்ணீருக்குக் குறைவு. மாரிக்குப் பிறகும் ஆவணியிலும் கிணற்றுநீர் ஒன்றாக இருக்காது. வருடத்தில் இரண்டு தடவை அளப்பது நல்லது.

முதல் தடவை மட்டும் உப்புப் பெட்டியில் ஒரு லீற்றர் தண்ணீர் விட்டு, பிறகு உப்பைக் கொட்டுங்கள். ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ பிடிக்கும். வழிந்த உப்புநீர் எஃகைத் தின்னும். ஆகவே உப்புப் போட்டவுடன் கழுவல் ஒன்றை ஓட்டுங்கள். மூடி சரியாக இறுகாவிட்டால் பாத்திரம் முழுதும் உப்புத் தடம் வரும்.

ஆனையிறவு உப்பு போடலாமா?

கறிக்குப் போடுங்கள், இயந்திரத்துக்கு வேண்டாம். கடலுப்பில் மக்னீசியமும் கல்சியமும் கலந்திருக்கும். எதை வெளியேற்ற உப்புப் போடுகிறோமோ அதையே உள்ளே போடுவதாகிவிடும். கட்டி உப்பில் உள்ள மணலும் மண்ணும் அடைப்பையும் தரும். பொடி உப்பு கட்டிபட்டு இறுகும், அதில் சேர்க்கும் ஒட்டாத் தூளும் மணிகளுக்கு நல்லதல்ல. டிஷ்வோஷர் உப்பு என்று விற்கப்படும் பருமணி உப்பு, அல்லது தண்ணீர் மென்மையாக்கும் கருவிகளுக்கான தூய உப்பு மட்டுமே.

கண்ணாடியில் வெள்ளைப் படலம்?

வினாகிரி தோய்த்த துணியால் தேயுங்கள். போனால் சுண்ணாம்பு, உப்பு நிலையைக் கூட்டுங்கள். போகாவிட்டால் கண்ணாடி அரிபட்டுவிட்டது, அது மீளாது.

இயந்திரத்துக்குள் படிந்த படைக்குச் சிற்றிக் அமிலம் 100 முதல் 150 கிராம், வெற்று இயந்திரத்தின் அடியில் தூவி, சவர்க்காரத் தூள் போடாமல், 50 பாகைக் கழுவல் ஓட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். தேசிக்காய்ப் புளியைப் பிழிந்து ஊற்றுவதால் சாறின் சக்கைதான் வடிகட்டியில் சேரும், அமிலம் போதாது. வினாகிரியை லீற்றர் கணக்கில் ஊற்றினால் ரப்பர்கள் கெடும்.

தீவகத்தில் கிணறு உவர். உப்புப் பெட்டி அதைச் சரிசெய்யுமா?

செய்யாது. அது கடினத்தை நீக்கும், உவர்ப்பை நீக்காது. உவர்நீரின் குளோரைட்டு துருப்பிடியாத எஃகிலும் ஊசிமுனைத் துளை போடும். முதலில் தட்டுச் சக்கரங்களின் கம்பி, பிறகு தொட்டியின் மூலை. தண்ணீர் நாக்கில் கரிக்குமென்றால் பவுசர் நீரையோ குழாய்நீரையோ தனித் தாங்கியில் சேர்த்து இயந்திரத்துக்குக் கொடுங்கள். நல்ல கிணற்றையும் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவரேறும். மேலே நன்னீரும் ஆழத்தில் உவருமாகக் கிடக்கும் நிலாவரைக் கிணறு காட்டுவது முழுக் குடாநாட்டுக்கும் பொருந்தும்.

கனடாவிலிருந்து வந்த இயந்திரத்தை இங்கே பாவிக்கலாமா?

ஐரோப்பாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்தால் பிரச்சினை இல்லை, 230 வோல்ற், 50 ஹேட்ஸ். கனடா இயந்திரம் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். நேரே பிளக் போட்டால் அந்தக் கணமே கண்ட்ரோல் பலகை எரியும். டிரான்ஸ்போமர் வைத்தால் வோல்ற் சரியாகும், ஹேட்ஸ் மாறாது. சாதாரண வெளியேற்றும் பம்ப் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். வெளியேற்றக் குறி வருவதும் பம்ப் சூடாவதும் அதனால். மேலும் வட அமெரிக்க இயந்திரங்கள் சுடுநீர்க் குழாயில், 49 பாகை அளவில், பூட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. குளிர்குழாயில் பூட்டினால் சூடாக்கல் நேரம் நீளும். டிரான்ஸ்போமர் 3000 விஏ ஆவது வேண்டும். கப்பல் கூலி கட்டி அனுப்ப யோசிப்பவர்களுக்கு எங்கள் பதில்: அனுப்ப வேண்டாம்.

ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. வந்து போட்டவுடன் குறி.

கழுவும் பம்பின் ரப்பர் காய்ந்து அச்சில் ஒட்டியிருக்கும். "ம்ம்" என்று முனகும், சுழலாது. உடனே அணைத்துவிட்டு, வடிகட்டிப் பள்ளத்தில் இரண்டு லீற்றர் இளஞ்சூட்டு நீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டு மீண்டும் போடுங்கள். பெரும்பாலும் விடுபடும். முன்பலகையைத் திறந்து பல்லி, எறும்பு உள்ளனவா என்றும் பாருங்கள். கண்ட்ரோல் பலகையின் சூட்டுக்கு எறும்பு கூடு வைக்கும், பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடக்கும். மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம்.

வீட்டைப் பூட்டிப் போகும் முன் செய்யவேண்டியவை: கடைசிக் கழுவலுக்குப் பிறகு வடிகட்டியைக் கழுவி வெளியே காயவைப்பது, குழாயை மூடுவது, பிளக்கைக் கழற்றுவது, கதவு முழுதாகச் சாத்தாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு துணியைச் செருகுவது.

திருத்துபவருக்கு என்ன சொல்லவேண்டும்?

கதவைத் திறந்தால் அதன் மேல்விளிம்பிலோ பக்கவிளிம்பிலோ மொடல் இலக்கத் தகடு இருக்கும். அதன் படம், குறியின் படம், எத்தனையாவது நிமிடம், வாளிச் சோதனையில் எத்தனை லீற்றர், மாலையில் எத்தனை வோல்ற். உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டியிருக்கும். ஒரே பெயருள்ள இரண்டு இயந்திரங்களுக்குப் பம்ப் வேறாக இருப்பதால் முழு இலக்கமும் தேவை. பழைய பம்பைக் கழற்றினால் அதன் உடலில் அச்சிட்ட எண்ணையும் அனுப்புங்கள். புதியது வரும்வரை கழற்றிய ஸ்குரூக்களை ஒரு பேணியில் போட்டு இயந்திரத்தின் மேலேயே வையுங்கள்.